புதிரிலிருந்து பரிசுவரை: அரசறிவியல் பட்டப்பின் ஆய்வைச் செய்யும் வரிசை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரசறிவியலில் பட்டப்பின் ஆய்வு தொடங்குவோர் பலர் முதல் வேலையாக வினாக்கொத்து அடிக்கிறார்கள். இருநூறு பேரிடம் நிரப்பி வாங்கி, எக்ஸெலில் ஏற்றியபின்தான் "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்த ஆய்வேடு சித்தியடையலாம், பரிசுக்குப் போகாது. பரிசு வாங்கும் ஆய்வேட்டுக்காரரும் ஏறக்குறைய அதே அளவுதான் உழைத்திருப்பார், ஆனால் வேலைகளை வேறு வரிசையில் செய்திருப்பார்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணம்தான் வரும்: பிரதேச சபைகளில் பெண் உறுப்பினர்கள் யாருடைய பிரச்சினையைப் பேசுகிறார்கள்? உங்கள் தலைப்பு காணி, மாகாண சபை, கட்சி என்று எதுவாக இருந்தாலும் படிகள் இதேதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எந்தப் பட்டத்துக்குப் பதிகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு கூடிய முதுமாணி 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. 10ஆம் மட்டத்துக்கு நான்கு சபை எடுத்தால் காலம் போதாது, கலாநிதிக்கு ஒரு சபை மட்டும் எடுத்தால் கனம் போதாது. கீழே வரும் அளவுகள் முதுதத்துவமாணியை மனதில் வைத்தவை. முதுமாணிக்குப் பாதியாக்குங்கள்.

அடுத்தது மொழி. வந்தாறுமூலையில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) பதிந்தாலும் ஒலுவிலில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பதிந்தாலும், ஆய்வேட்டை எந்த மொழியில் சமர்ப்பிக்கலாம் என்பதைப் பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கள மொழி வேறு கேள்வி. அம்பாறையில் உகணை, தமணை, மகாஓயாப் பக்கச் சபைகளின் கூட்டறிக்கைகள் (கூட்டத்தில் பேசியதன் பதிவுகள்) சிங்களத்தில் இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் அவற்றை ஆய்வில் சேர்க்காதீர்கள், ஏன் சேர்க்கவில்லை என்பதை மட்டும் நேர்மையாக ஒரு பந்தியில் எழுதுங்கள். "அம்பாறை மாவட்டத்தின் உள்ளூராட்சி" என்று தலைப்பு வைத்துவிட்டுத் தமிழ் பேசும் கரையோரச் சபைகளை மட்டும் பார்ப்பது பரீட்சகர் உடனே பிடிக்கும் பிழை.

மேற்பார்வையாளரிடம் வாய்ப்பேச்சாகச் சம்மதம் வாங்கினால் போதாது. மாதம் எத்தனை தடவை சந்திப்பது, அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தம் வரும் என்பதை ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நின்றுபோகும் ஆய்வுகளில் கணிசமானவை களத்தில் நிற்பதில்லை, திருத்தத்துக்குக் காத்திருந்தே நின்றுபோகின்றன.

2. முதலில் புதிர், பிறகு தலைப்பு

"மட்டக்களப்பில் பெண்களின் அரசியல் பங்கேற்பு: ஓர் ஆய்வு" என்பது தலைப்பு மட்டுந்தான், அதற்குள் கேள்வி கிடையாது. புதிர் வேண்டுமானால் இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை ஒன்றோடொன்று பொருந்தாத இடம்தான் புதிர்.

உதாரணத்தைப் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் திருத்தச் சட்டம் உறுப்பினர்களில் 60% பேரை வட்டாரத்திலிருந்தும் 40% பேரைப் பட்டியலிலிருந்தும் எடுக்கச் சொல்கிறது. சபையில் 25% பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வேட்புமனுவில் வட்டார வேட்பாளர்களில் 10% பெண்களும் மேலதிகப் பட்டியலில் 50% பெண்களும் போதும். விளைவு என்னவென்றால் பெண்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியாகவே சபைக்கு வருகிறார்கள். அவர்களுக்கென்று வட்டாரம் இல்லை.

வட்டாரம் இல்லாத உறுப்பினருக்கு "எங்கட ஒழுங்கைக்குக் கிறவல் போடுங்கோ" என்று கேட்டுவரும் வாக்காளரும் இல்லை. அப்படியென்றால் அவர் சபையில் எழுந்து யாருக்காகப் பேசுவார்? பெண்களுக்காகவா, கட்சிக்காகவா, தான் பிறந்த ஊருக்காகவா? இதுதான் புதிர். பதில் எந்தப் பக்கமும் போகலாம். பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்விக்கு ஆய்வு தேவையில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் "இல்லை" என்று வந்தாலும் ஆய்வேடு சுவையாக இருக்குமா? ஒரு பக்கப் பதில் வந்தால் மட்டுமே எழுத விடயம் இருக்கும் என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

3. வாசிப்பு: குறைவாக, குறி வைத்து

ஐம்பது கட்டுரையின் சுருக்கங்களை அடுக்குவது இலக்கிய மீளாய்வு ஆகாது. உங்கள் கேள்விக்கு ஏற்கனவே பதில் சொல்ல முயன்றவர்களை இரண்டு மூன்று அணியாகப் பிரித்து, அணிகள் எதில் முரண்படுகின்றன என்று காட்டுங்கள்.

நமது உதாரணத்துக்கு அடித்தளம் அரசியல் கோட்பாட்டாளர் ஹன்னா பிட்கின் 1967இல் பிரித்துக் காட்டிய வேறுபாடு: ஒரு குழுவின் சாயலில் ஒருவர் சபையில் இருப்பது ஒன்று, அந்தக் குழுவின் நலனுக்காகச் செயற்படுவது வேறொன்று. அடுத்தது இந்தியப் பஞ்சாயத்து ஆய்வுகள். இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தின்பின் தலைவர் பதவிகளில் மூன்றிலொன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் எந்தப் பஞ்சாயத்து ஒதுக்கப்படுவது என்பது தற்செயலாக அமைந்தது. அதை வைத்துப் பொருளியலாளர்கள் சட்டோபாத்யாயும் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பெண் தலைவர்கள் குடிநீர் போன்றவற்றில் கூடுதலாகச் செலவிட்டதைக் காட்டியது.

இங்கே புதியவர்கள் சறுக்குவது அந்த முடிவை அப்படியே இங்கு கொண்டுவந்து ஒட்டுவதில். அங்கே ஒதுக்கீடு தலைவர் பதவிக்கு, இங்கே உறுப்பினர் ஆசனத்துக்கு. அங்கே தற்செயல் தெரிவு இருந்தது, இங்கே பட்டியலில் யாரைப் போடுவது என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது. ஆகவே "இதனால் இது நடந்தது" என்று நீங்கள் அடித்துச் சொல்ல முடியாது, "இந்த வழியாக வந்தோர் இப்படி நடந்துகொள்கிறார்கள்" என்பதுவரை சொல்லலாம். இந்த எல்லையை நீங்களே முதல் அத்தியாயத்தில் எழுதிவிட்டால் வாய்மொழிப் பரீட்சையில் ஒரு கேள்வி குறையும்.

4. சபைகளைத் தெரிவு செய்தல்

அதிகம் பேர் விழும் குழி இது. "எனக்குத் தெரிந்த ஆள் செயலாளராக இருக்கிறார்" என்பதற்காக ஒரு சபையை எடுத்தால் அந்தத் தெரிவை எந்தப் பரீட்சகர் முன்னும் நியாயப்படுத்த முடியாது. அறிமுகம் உதவட்டும், ஆனால் தெரிவுக்கான காரணம் கேள்வியிலிருந்து வர வேண்டும்.

நான்கு சபை என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் மண்முனை மேற்கும் கோறளைப்பற்று மேற்கும், அம்பாறையில் திருக்கோவிலும் நிந்தவூரும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று தமிழர் பெரும்பான்மை, ஒன்று முஸ்லிம் பெரும்பான்மை. மாவட்டமும் சமூகமும் மாறுகின்றன, தேர்தல் முறை மட்டும் மாறவில்லை. நான்கிலும் பட்டியல் உறுப்பினர்கள் ஒரே மாதிரி நடந்துகொண்டால் காரணத்தைத் தேர்தல் முறையில் தேடலாம். இரண்டில் ஒரு மாதிரி, இரண்டில் வேறு மாதிரி என்றால் எந்த இரண்டு என்பதே துப்பு.

தெரிவை முடிவாக்குமுன் வர்த்தமானியில் உறுப்பினர் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். 20%க்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் பெற்ற கட்சிக்குப் பெண்களை நியமிக்கும் கட்டாயம் இல்லை. ஆகவே சின்னக் கட்சிகள் பல வென்ற சபையில் பெண்கள் 25%ஐத் தொடாமல் இருக்கலாம். பெண் உறுப்பினரே இல்லாத அல்லது ஒருவர் மட்டும் உள்ள சபையை எடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

எல்லைகளில் கவனம் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 14, உள்ளூராட்சி மன்றங்கள் 12தான்: ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள். கிரானுக்கும் கோறளைப்பற்று மத்திக்கும் பிரதேச செயலகம் உண்டு, தனிப் பிரதேச சபை இல்லை. அம்பாறையில் சாய்ந்தமருதுக்கும் செயலகம் தனி, உள்ளூராட்சியில் அது கல்முனை மாநகர சபைக்குள் வருகிறது. செயலகத்தில் வாங்கிய சனத்தொகை எண்ணைச் சபையின் எண்ணாகப் போட்டால் அட்டவணை முழுவதும் பிழைக்கும். கிராம சேவகர் பிரிவுகளைக் கூட்டிச் சபை எல்லைக்கு எண்ணை நீங்களே கட்டியெழுப்ப வேண்டும்.

பழைய தரவு எடுப்போருக்கு மூன்று பொறிகள்:

அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1946, 1953 குடிசன மதிப்பீடுகளின் "மட்டக்களப்பு" இன்றைய இரண்டு மாவட்டமும் சேர்ந்தது.

2001 குடிசன மதிப்பீடு மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை, அம்பாறையில் நடந்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். 1981இலிருந்து 2012க்குத் தாவுங்கள்.

பாராளுமன்றத் தேர்தல் முடிவுகளில் "அம்பாறை" என்று தேடினால் ஒரு தொகுதி மட்டும் வரும். தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் நான்கும் அதற்குள்.

காலத்தையும் இதே கவனத்தோடு வெட்டுங்கள். 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தெரிவான சபைகள் 2018 மார்ச் 20 முதல், ஓராண்டு நீடிப்பும் சேர்த்து, 2023 மார்ச் 19வரை இருந்தன. அதன்பின் 2025 மே 6 தேர்தல்வரை தெரிவான உறுப்பினர்கள் இல்லை. அந்த இரண்டாண்டை "பெண்கள் எதுவும் பேசாத காலம்" என்று பூச்சியமாக எண்ணக்கூடாது, தரவில் வெற்றிடமாகக் காட்ட வேண்டும். 2025இல் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தலே நடக்கவில்லை. இரண்டு தவணைகளையும் ஒப்பிட நினைப்போர் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

5. நெறிமுறை அனுமதி

களத்துக்குப் போகுமுன், கேள்விகளை எழுதியபின் எடுங்கள். போய்வந்தபின் கேட்டால் பின்திகதியிட்டு யாரும் தரமாட்டார்கள். அனுமதி இலக்கம் இல்லாத நேர்காணலை வெளிநாட்டு ஆய்விதழ்களில் பலவும் ஏற்காது.

விண்ணப்பத்தில் சம்மதப் படிவம் கேட்பார்கள். கையெழுத்துப் படிவம் மட்டும் போடாதீர்கள். கிழக்கில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வைப்பதற்குப் பலர் பயப்படுவார்கள், அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே எடுக்கலாம் என்று விண்ணப்பத்தில் எழுதி அனுமதி வாங்குங்கள்.

பெயரை மறைத்தால் மட்டும் ஆள் மறையாது. இருபது உறுப்பினர் சபையில் நான்கு பெண்கள். "இன்ன கட்சிப் பட்டியலில் வந்த, முன்பள்ளி ஆசிரியையாக இருந்த உறுப்பினர்" என்று எழுதினால் ஊரில் தேத்தண்ணிக்கடையில் இருப்பவருக்கே யாரென்று தெரிந்துவிடும். நேர்காணல் மேற்கோள்களில் சபையின் பெயர், கட்சி, தொழில் மூன்றில் குறைந்தது இரண்டை எடுத்துவிடுங்கள். கூட்டறிக்கை பொது ஆவணம், அதில் சபையின் பெயரைச் சொல்லலாம். ஆனால் இரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஆள் தெரிகிறதா என்று ஒரு நண்பரை வாசிக்க வைத்துச் சோதியுங்கள்.

6. கூட்டறிக்கைகளைப் பெறுதல்

முதலில் சபைச் செயலாளரிடம் பல்கலைக்கழகக் கடிதத்தோடு நேரில் கேளுங்கள். பல இடங்களில் அதுவே போதும். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம்.

விண்ணப்பத்தில் "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "பெண் உறுப்பினர்களின் பிரேரணைகள் ஏன் நிறைவேறவில்லை?" என்பதற்கு அலுவலகத்தில் ஆவணம் கிடையாது, பதிலும் வராது. "2018 ஏப்ரல் முதல் 2023 மார்ச்வரை நடந்த மாதாந்தச் சபைக் கூட்டங்களின் உறுதிப்படுத்தப்பட்ட கூட்டறிக்கைகள், உறுப்பினர் வரவுப் பதிவேடு" என்று எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. எல்லாம் போனால் நான்கைந்து மாதம் கரையும். ஆகவே வாசிப்புக் காலத்திலேயே விண்ணப்பத்தைப் போடுங்கள். விண்ணப்பம் கையளித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வருவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் 14 நாள் எப்போது தொடங்கியது என்று நிறுவ முடியாது.

பிரதி எடுக்கக் கட்டணம் கூடும் என்றால், ஆவணத்தை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. அலுவலகத்தில் ஒரு மேசை கேட்டு நாலு நாள் இருந்து பார்த்துவிடலாம்.

7. எத்தனை கூட்டம் படிப்பது

ஐந்து ஆண்டில் மாதம் ஒன்றென்று ஒரு சபைக்கு ஏறக்குறைய 60 கூட்டம், நான்கு சபைக்கு 240. ஒன்று 10 பக்கம் என்றாலும் 2,400 பக்கம். மணிக்கு 20 பக்கம் குறியிட்டால் (வாசித்து, பேசியதை வகைபிரித்துப் பதிந்தால்) 120 மணித்தியாலம். முதுதத்துவமாணிக்கு இது செய்யக்கூடிய வேலை, முழுவதையும் செய்யுங்கள்.

முடியாவிட்டால் மாதிரி எடுக்க வேண்டும். "மூன்றுக்கு ஒன்று" என்று எண்ணி எடுப்பது சுலபமாகத் தெரியும், இங்கே அது பொறி. வரவுசெலவுத்திட்டம் ஆண்டின் கடைசியில் வரும். ஜனவரியில் தொடங்கினால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் அகப்படும், டிசம்பர் ஒரு தடவைகூட வராது. மார்ச்சில் தொடங்கினால் ஒவ்வோராண்டும் டிசம்பர் வந்து விழும். ஒவ்வோர் ஆண்டின் கூட்டங்களையும் தனிப்பெட்டியாக வைத்து, வரவுசெலவுக் கூட்டத்தைக் கட்டாயம் சேர்த்து, மிகுதியில் மூன்றைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 2020இன் ஊரடங்கு மாதங்களில் கூட்டமே நடந்திருக்காவிட்டால் அதையும் பதிவு செய்யுங்கள்.

வினாக்கொத்துக்காரருக்கு ஒரு பக்கக் குறிப்பு. மாதிரியின் அளவைக் கணிக்கும் யமானே சூத்திரத்தில் 1,200 குடும்பத்துக்கு 5% வழுவோடு 300 என்று வரும். ஆனால் அந்த 300 பேரும் தற்செயலாகத் தெரிவானால்தான் சூத்திரத்துக்கு அர்த்தம். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு வட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி 300 பதில் சேர்ப்பவர், அந்தச் சூத்திரத்தை அட்டவணைக்கு அலங்காரமாக வைத்திருக்கிறார்.

8. குறியிடல்

ஒவ்வொரு பிரேரணையும் எக்ஸெலில் ஒரு வரி. நிரல்கள்: சபை, திகதி, உறுப்பினர் இலக்கம், ஆண் அல்லது பெண், வட்டாரமா பட்டியலா, பொருள், இடம், பயனாளி, சொன்ன நியாயம், முடிவு. நியாயத்துக்குத் தனி நிரல் எதற்கு என்று கேட்பார்கள். இப்படியொரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"முன்பள்ளி வீதியில் மின்விளக்கு இல்லை. மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தவிசாளர்: அடுத்த மாதம் கவனிக்கப்படும்."

ஒரே நிரல் இருந்தால் இதை "உட்கட்டமைப்பு" என்று போடுவீர்கள். அப்படிப் போட்டால் ஆண் உறுப்பினர் கேட்ட விளக்கும் இந்த விளக்கும் ஒன்றாகிவிடும், உங்கள் ஆய்வின் உயிரே போய்விடும். பொருள்: விளக்கு. பயனாளி: பெண்பிள்ளைகள். நியாயம்: பாதுகாப்பு. முடிவு: ஒத்திவைப்பு. "கவனிக்கப்படும்" என்பதை "நிறைவேறியது" என்று குறியிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அடுத்த மூன்று கூட்டறிக்கையில் அந்த விளக்கு மறுபடி பேசப்படுகிறதா என்று தேடிப் பார்த்தபின்தான் முடிவு நிரலை நிரப்ப வேண்டும்.

குறியீட்டு விதிகளை இரண்டு பக்கத்தில் எழுதி, இன்னொருவரிடம் 100 பிரேரணையைக் கொடுத்துத் தனியாகக் குறியிடச் சொல்லுங்கள். பிறகு கோஹன் கப்பா கணக்கிடுங்கள்: தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்தபின் இருவரும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்பதன் அளவு அது. நீங்கள் 60ஐ "உள்ளூர்க் கோரிக்கை" என்கிறீர்கள், அவர் 55ஐ. இருவரும் 85இல் ஒத்துப்போகிறீர்கள். தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடியது 0.60 × 0.55 + 0.40 × 0.45 = 0.51. கப்பா = (0.85 − 0.51) ÷ (1 − 0.51) = 0.69. "85% உடன்பாடு" என்று எழுதினால் கூடுதலாகத் தெரியும், 0.69 என்பதுதான் உண்மை நிலை. 0.7க்குக் கீழே இருந்தால் முரண்பட்ட 15ஐயும் எடுத்து வைத்துப் பேசி, விதியைத் திருத்தி, வேறு 100இல் மறுபடி செய்யுங்கள். அதே 100இல் திரும்பச் செய்தால் அது மனப்பாடம்.

எண்ணும்போது தலைக்கு எண்ணுங்கள். இருபது பேரில் நான்கு பெண்கள் மொத்தப் பிரேரணையில் 20%ஐக் கொண்டுவந்தால் அது சமபங்கு. அதைக் "குறைந்த பங்கேற்பு" என்று எழுதிய ஆய்வேடுகள் இருக்கின்றன. வரவுப் பதிவேட்டால் பிரித்து, கலந்துகொண்ட ஒரு கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் எத்தனை பிரேரணை என்று காட்டுங்கள்.

நான்கு சபையிலும் பெண்கள் இருபதைச் சுற்றித்தான் இருப்பார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பன்மாறிப் பின்னடைவு (பல காரணிகளின் தாக்கத்தை ஒன்றாகக் கணிக்கும் முறை) போடுவது கோடரியால் ஊசி செதுக்குவது. எளிய அட்டவணை, தேவைப்பட்டால் சிறிய எண்ணிக்கைக்கான ஃபிஷர் சோதனை, அவ்வளவுதான்.

9. நேர்காணல்

கூட்டறிக்கை பேசியதை மட்டும் சொல்லும். தவிசாளரின் அறைக்குப் போய் மெல்லச் சொல்லி முடித்த காரியம் அதில் இருக்காது. அதற்காகத்தான் நேர்காணல். அதனால்தான் அது இரண்டாவதாக வருகிறது. குறியிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "நீங்கள் 2019இல் இந்த விளக்கைப் பற்றி இரண்டு தரம் கேட்டிருக்கிறீர்கள், பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் கதை வரும். "உங்கள் சவால்கள் என்ன?" என்று கேட்டால் செயலமர்வில் கேட்ட பதில்தான் வரும்.

20 முதல் 24 நேர்காணல் வையுங்கள்: பட்டியல் பெண்கள், வட்டாரப் பெண்கள், ஆண் உறுப்பினர்கள், செயலாளர்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சுச் செய்ய ஐந்தாறு மணி நேரம் போகும் என்று திட்டத்தில் எழுதுங்கள்.

வாக்காளர்களிடமும் பேசுவதானால் கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அஸ்வெசும (அரச நலன்புரி உதவி) பதிவு என்று நினைத்து வாக்காளர்கள் தங்கள் கஷ்டத்தைத்தான் சொல்வார்கள். கட்சி அமைப்பாளர் வழியாகப் போனால் அவருக்குப் பிடித்த உறுப்பினர்களை மட்டும் சந்திப்பீர்கள். உறுப்பினரின் வீட்டில் கணவர் பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். சபைக் கட்டடத்தின் ஓர் அறை, கூட்டம் இல்லாத நாள், காலை வேளை நல்லது.

நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரிவரை வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளம் வழி மறிக்கலாம். பெரும்போக அறுவடைக் காலத்தில் வட்டைக்கு (வயலுக்கு) போனவரைப் பிடிக்க முடியாது. வெள்ளி நண்பகலும் நோன்பு மாதமும் நிந்தவூர், ஓட்டமாவடிப் பக்கம் நேர்காணலுக்கு உகந்ததல்ல. ஆடி அமாவாசை நெருங்கும்போது மாமாங்கத் திருவிழா. மிஞ்சுவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன்வரை, பிறகு ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர்வரை. களப்பணியை அங்கே வையுங்கள்.

பகுப்பாய்வைத் தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தால் எடுத்த மேற்கோளை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். "எங்கட ஆக்களுக்குத்தான் முதல்ல செய்யோணும்" என்று ஓர் உறுப்பினர் சொன்னால் அந்த "எங்கட ஆக்கள்" யார்? சொந்தக்காரரா, ஊரா, குடியா (தாய்வழிக் குலமா), கட்சியா, இனமா? மூன்றாம் பக்கத்தில் ஊர் என்றும் எட்டாம் பக்கத்தில் கட்சி என்றும் பொருள் மாறியிருக்கும். நேர்காணலிலேயே "எங்கட ஆக்கள் எண்டா ஆர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில்களே ஓர் அத்தியாயம் தாங்கும்.

10. எழுதும் வரிசை

முதலில் அட்டவணைகள். பிறகு கண்டுபிடிப்பு அத்தியாயங்கள், முறையியல், இலக்கியம், முன்னுரை, கடைசியில் சுருக்கம். முன்னுரையை முதலில் எழுதுவோர் கண்டுபிடிப்பு மாறியபின்னும் பழைய முன்னுரையை வைத்துக்கொண்டு தவிப்பார்கள்.

ஒவ்வொரு பந்தியும் ஓர் உரிமைகோரலோடு தொடங்கட்டும், அதற்கு எதிரான சான்றும் அதே அத்தியாயத்தில் வரட்டும். நான்கு சபையில் ஒன்று மற்ற மூன்றுக்கு மாறாக நடந்தால் அதை அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள். பரீட்சகர் முதலில் தேடுவது அதைத்தான்.

குறியீட்டு விதிகள், நேர்காணல் வழிகாட்டி, பெயர் நீக்கிய எக்ஸெல் தாள் மூன்றும் பின்னிணைப்பில் வேண்டும். இன்னொருவர் அதை எடுத்து உங்கள் எண்ணைத் திரும்பப் பெற முடிந்தால் நம்பிக்கை தானாக வரும். ஒலிப்பதிவுகளைக் கடவுச்சொல் போட்ட இரண்டு இடத்தில் வையுங்கள். பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பி ஆறு மாத வேலையை இழப்பது இன்னும் நடக்கிறது.

11. பரிசுக்கு அனுப்புதல்

பரிசின் விதியை ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் பார்த்தால் பிந்திவிடும். அமெரிக்க அரசறிவியல் சங்கம் கலாநிதி ஆய்வேடுகளுக்குத் துறைவாரியாகப் பரிசு கொடுக்கிறது. ஒப்பீட்டு அரசியலுக்குக் கேப்ரியல் ஆல்மண்ட் பெயரிலும் பொது நிர்வாகத்துக்கு லியனார்ட் வைட் பெயரிலும் பரிசுகள் உண்டு. ஐரோப்பாவில் ஜான் பிளான்டெல் பெயரில் ஒன்று உண்டு. இவை கலாநிதிப் பட்டத்துக்குரியவை. மாணவர் தானாக அனுப்ப முடியாமல் துறையோ நிறுவனமோ முன்மொழிய வேண்டிய பரிசுகள் பல. சில உறுப்பு நிறுவனங்களுக்கு மட்டும் திறந்தவை. தகுதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், தகுதியில்லாத பரிசுக்கு ஒரு மாதம் செலவழிக்காதீர்கள்.

முதுமாணி, முதுதத்துவமாணிக்காரருக்குக் கிட்டிய வழி கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வரங்குகளில் கட்டுரை வாசிப்பது. அங்கே முழு ஆய்வேட்டையும் பதினைந்து நிமிடத்துக்குள் அடைக்காதீர்கள். விளக்குப் பிரேரணை பற்றிய ஒரே அட்டவணை, ஒரே மேற்கோள், ஒரே வாதம் போதும்.

முன்மொழிவுக் கடிதத்தைத் துறைத்தலைவர் எழுதுவார், ஆனால் அவருக்கு நேரம் இராது. ஒரு பக்கக் குறிப்பை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்: புதிர் மூன்று வரி, முறை மூன்று வரி, எதிர்பாராத கண்டுபிடிப்பு ஒன்று, அது கிழக்குக்கு வெளியே யாருக்குப் பயன்படும் என்று இரண்டு வரி. கடைசி இரண்டு வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "இலங்கையில் முதன்முறையாக" என்பது மட்டும் வெளிநாட்டு நடுவருக்குப் போதிய காரணமாகாது. "ஒதுக்கீட்டைப் பட்டியல் வழியாகச் செய்யும் எந்த நாட்டிலும் இந்தக் கேள்வி எழும்" என்று எழுதினால் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். குறிப்பை இறுதித் திகதிக்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் அவர் மேசையில் வையுங்கள். பீடச் சபை மாதம் ஒருமுறைதான் கூடும், ஒரு கூட்டம் தவறினால் அடுத்ததற்காவது நேரம் இருக்க வேண்டும்.